வளையமும் குறிப்பானும்: அருகிவரும் வௌவால் ஒன்றின் மரபியல் வரலாறு

நீண்ட பதிவு. மரபியலும் உயிரினப் பாதுகாப்பும் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது. பொறுமையுள்ளோர் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஆய்வுத் திட்டம் ஒன்றின் மதிப்பீட்டுக் கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். அருகிவரும் வௌவால் இனம் ஒன்றுக்கு மரபுக் குறிப்பான்களை உருவாக்கி, அதன் கூட்டங்களுக்கிடையே உள்ள உறவை அறிவது திட்டத்தின் நோக்கம். டி.என்.ஏ. வரிசையாக்கத்திற்குக் கேட்டிருந்த பெருந்தொகையில் குழுவினர் கைவைக்கவில்லை. ஆண்டுக்கு இருமுறை குகைக்குச் சென்று எண்ணிக்கை எடுப்பதற்காகக் கேட்டிருந்த சிறுதொகையை மட்டும் அடித்துவிட்டனர். "குறிப்பான்கள் கைக்கு வந்தபின் தலையெண்ணிக்கை எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். அக்கேள்வியில் ஏளனம் ஏதும் இல்லை, உண்மையாகவே கேட்டார். எனக்கோ அந்த இடத்தில் தெளிவான விடை வரவில்லை. அந்த விடையைத் தேடி வௌவால் மரபியலின் வரலாற்றைப் படித்ததன் விளைவே இப்பதிவு.

1

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் வுட்செஸ்டர் மாளிகை என்றொரு கட்டடம் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணியில் எழுப்பத் தொடங்கிப் பாதியிலேயே கைவிடப்பட்டது. பல அறைகளுக்குத் தளம் இல்லை. கதவுகள் வெறுவெளியை நோக்கித் திறக்கின்றன. மனிதர் குடியேறாத அம்மாளிகையின் கூரையடியில் கோடைதோறும் பெரிய குதிரைலாட வௌவால்களின் பெண்கள் திரண்டு குட்டி ஈனுகின்றன. மூக்கின்மேல் லாடவடிவில் தோல்மடிப்பு உடையதால் அவற்றுக்கு இப்பெயர். ஏறத்தாழ 20 கிராம் எடை. ஆண்டுக்கு ஒரே குட்டி. ஆயுளோ 30 ஆண்டுகளையும் எட்டக்கூடியது. இவ்வினம் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான்வரை பரவியுள்ளதாதலால் உலக அளவில் உடனடி ஆபத்தில் இல்லை. ஆனால் பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டில் வெகுவாகக் குன்றி, தென்மேற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சில ஆயிரங்களாக ஒடுங்கியது. அந்நாட்டு ஆய்வாளர்கள் அதனை அருகிவரும் இனமாகக் கருதியதற்குக் காரணம் இதுவே.

வௌவாலை அடையாளம் காண முதலில் பயன்பட்டது உலோக வளையம். எண் பொறித்த வளையத்தை முன்கையில் மாட்டிவிட்டால், மீண்டும் பிடிபடும்போது அதே விலங்கு என்று அறியலாம். 1940களின் இறுதியில் ஜான் ஹூப்பரும் அவர் துணைவியார் வினிஃப்ரெட் ஹூப்பரும் டெவன் பகுதிக் குகைகளில் இவ்வாறு வளையமிடத் தொடங்கினர். தொடக்கத்தில் பறவைகளுக்கெனச் செய்த வளையங்களே பயன்பட்டதால் பல வௌவால்களுக்குச் சிறகுத்தோல் புண்ணானது. வௌவாலுக்கெனத் தனி வடிவில் வளையம் செய்யப்பட்டது பிற்பாடு. வளையமிடுதல் தீங்கற்ற செயல் அன்று என்பதை இங்கேயே குறித்துவைக்கிறேன். பின்னர் அது தேவைப்படும்.

வுட்செஸ்டரில் ரோஜர் ரான்சம் 1959இல் தம் பணியைத் தொடங்கினார். கோடையில் பிறந்த குட்டிகளைத் தாயோடு சேர்ந்திருக்கும்போதே பிடித்து, எடை பார்த்து, முன்கையின் நீளம் அளந்து, வளையமிட்டுக் குறித்துக்கொண்டார். மறு ஆண்டும் அதையே செய்தார். பத்தாண்டு, இருபதாண்டு, நாற்பதாண்டு எனப் பணி தொடர்ந்தது. அவர் தொடங்கியபோது வௌவாலின் டி.என்.ஏ.வை வாசிக்கும் வழி எவரிடமும் இல்லை. தம் குறிப்பேடு எந்தக் கேள்விக்கு விடையாகப் போகிறது என்பது அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை. இந்த வரலாற்றில் என்னை நிறுத்திய இடம் அதுதான்.

அக்குறிப்பேடு தன் பயனைக் காட்ட மரபியலின் வருகைக்காகக் காத்திருக்கவும் இல்லை. 1980களின் நடுவில் வசந்தம் தாமதமாகி, குளிர் நீண்ட ஆண்டுகளில் கூட்டம் சரிந்ததை அது ஆண்டுக்கணக்கில் காட்டியது. உறக்கத்திலிருந்து எழும் வௌவாலுக்குப் பூச்சிகள் கிடைக்காத வசந்தம் எவ்வளவு கொடியது என்பது அவ்வாறே தெரியவந்தது.

2

எனினும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எப்போதும் வெறுமையாகவே இருந்தது. அது தந்தையின் பெயருக்குரிய பக்கம். தாயைத் தெரியும்; குட்டி அவளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. தந்தையை யாரும் காண்பதில்லை. இவ்வௌவால்கள் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில், ஆண்கள் தனித்தனியே காத்திருக்கும் குகைகளிலும் பழஞ்சுரங்கங்களிலும் இணைசேர்கின்றன. விந்தணு பெண்ணின் உடலில் குளிர்காலம் முழுதும் தங்கியிருக்க, கருத்தரிப்பு வசந்தத்தில் நிகழ்கிறது. இணைசேர்தலை இருளில் கண்டறிவது அரிது. கண்டாலும் கருவுக்குக் காரணமான ஆண் அதுவே என்று சொல்ல இயலாது.

இவ்வெறுமையை நிரப்ப மரபியல் எடுத்துக்கொண்ட காலம் நீண்டது. 1966இல் ரிச்சர்ட் லெவோன்டினும் ஜான் ஹப்பியும் பழ ஈக்களின் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு, ஒரே இனத்துக்குள் எவ்வளவு மரபு வேறுபாடு மறைந்துள்ளது என்பதைக் காட்டினர். உலகெங்கும் ஆய்வகங்கள் அம்முறையைக் கைக்கொண்டன. ஆனால் அதற்குக் கல்லீரல், தசை போன்ற திசுக்கள் பெரும்பாலும் வேண்டியிருந்தன. ஈயைக் கொன்று நசுக்கலாம். எண்ணிக்கையில் சில நூறே எஞ்சிய வௌவாலைக் காப்பதற்காகக் கொல்வது அறமும் அன்று, அறிவும் அன்று.

1984ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காலையில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் மனிதர் ஒவ்வொருவருக்கும் தனித்துவமான டி.என்.ஏ. பட்டைகளைக் கண்டார். 1987இலேயே இம்முறை சிட்டுக்குருவிகளின் தந்தைமையை அறியப் பயன்பட்டது. வௌவாலுக்கு அது அவ்வளவு எளிதாக வரவில்லை. காரணம் சுவையானது. பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. ஆகவே ஒரு துளி இரத்தத்திலேயே போதிய டி.என்.ஏ. கிடைக்கும். பாலூட்டியின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. ஜெஃப்ரிஸின் முறைக்கு டி.என்.ஏ. நிறைய வேண்டும், 20 கிராம் எடையுள்ள விலங்கிடமிருந்து அவ்வளவு இரத்தம் எடுக்க முடியாது. மேலும், பட்டைகளுள் எது எந்த மரபிடத்துக்கு உரியது என்பது தெரியாததால், இன்று ஓட்டிய கூழ்மத்தையும் அடுத்த ஆண்டு ஓட்டியதையும் ஒப்பிடுவது கடினம். நாற்பதாண்டுக் குறிப்பேட்டுக்கு அது பொருந்தாத கருவி.

இரண்டு வளர்ச்சிகள் இணைந்தபோது தடை விலகியது. 1980களில் பரவிய பி.சி.ஆர். முறை, மிகச் சிறிதளவு டி.என்.ஏ.வையும் படியெடுத்துப் பெருக்கியது. 1989இல் வெளிவந்த மூன்று தனித்தனி ஆய்வுகள் மைக்ரோசாட்டிலைட் எனும் குறுந்தொடர்களைப் பி.சி.ஆர். மூலம் அளக்கலாம் என்று காட்டின. சி-ஏ, சி-ஏ, சி-ஏ என இரண்டு முதல் ஆறு எழுத்துகள்வரை கொண்ட துணுக்கு, பத்துப்பதினைந்து முறையோ அதற்கும் மேலோ திரும்பத்திரும்ப வரும் இடங்கள் இவை. டி.என்.ஏ. தன்னைப் படியெடுக்கும்போது இவ்விடங்களில் வழுக்கல் நேர்ந்து, ஒரு துணுக்குக் கூடவோ குறையவோ செய்கிறது. ஆகவே ஒரே மரபிடத்தில் ஒவ்வொரு விலங்கிலும் நீளம் மாறுபடும். தாயிடமிருந்து ஒரு நீளம், தந்தையிடமிருந்து ஒரு நீளம் எனக் குட்டி இரண்டையும் பெறுகிறது. தாயின் நீளத்தை அறிந்து கழித்துவிட்டால் எஞ்சுவது தந்தையுடையது. குறிப்பேட்டின் வெற்றுப்பக்கம் கேட்டதும் இதுவே.

3

"குறிப்பான்களை உருவாக்குதல்" என்று இன்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். 1990களில் அது பல மாத உழைப்பு. வௌவாலின் முழு டி.என்.ஏ.வை வெட்டுநொதியால் துண்டாக்க வேண்டும். துண்டுகளைப் பிளாஸ்மிட்டில் ஒட்டிப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, ஆயிரக்கணக்கான பாக்டீரியாத் திட்டுகளாக வளர்க்க வேண்டும். சி-ஏ தொடர் உள்ள திட்டு எதுவென்று, பெரும்பாலும் கதிரியக்கமூட்டிய துணுக்கைக் கொண்டு தேட வேண்டும். அகப்பட்டதன் எழுத்துவரிசையை வாசித்து, தொடரின் இருமருங்கிலும் பொருந்தும் பிரைமர்களை வடிவமைக்க வேண்டும். அதன்பின்னரே சோதனை தொடங்கும். சில பிரைமர்கள் ஒன்றையும் பெருக்காது. சில பெருக்கும், ஆனால் எல்லா விலங்கிலும் ஒரே நீளம் காட்டும், அவற்றால் பயனில்லை. சிலவற்றில் ஓர் அலீல் வெளிப்படாமல் ஒளிந்துகொண்டு, மகனைத் தந்தையின் மகன் அல்லன் என்று பொய்யாகக் காட்டிவிடும். இத்தனையும் களைந்து எஞ்சுபவையே குறிப்பான்கள். ஓரினத்துக்குச் செய்தவை நெருங்கிய உறவினத்தில் சில வேளை வேலை செய்யும்; தொலைவான இனத்துக்குப் பெரும்பாலும் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

திசு எடுப்பதிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1996இல் வர்த்திங்டன் வில்மரும் பாரட்டும் உயிர்க்கொலையின்றி மாதிரி எடுக்கும் முறையை விவரித்தனர். சிறகுத்தோலில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டத்தை வெட்டி எடுத்தால் போதும். இரத்தக்குழாயைத் தவிர்த்து வெட்டினால் துளை சில வாரங்களில் மூடிக்கொள்ளும். வௌவால் அன்றிரவே பறந்து இரைதேடும். வௌவால் மரபியலை விரிவாக்கியதில் பி.சி.ஆருக்கு உரிய இடம் இச்சிறு வெட்டுக்கும் உண்டு என்பது என் கருத்து.

மறு ஆண்டே பாரட்டும் உடனாய்வாளர்களும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைக் கொண்டு ஓர் எதிர்பாராச் செய்தியை வெளியிட்டனர். பிரிட்டனில் மிகச் சாதாரணமான பிபிஸ்ட்ரெல் வௌவால் ஓரினம் அன்று, ஈரினம். ஒன்று 45 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் மற்றது 55 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் ஒலியெழுப்புவதை முன்னரே கேட்டிருந்தவர்கள் இருந்தனர். மரபணு அவர்களின் ஐயத்தை உறுதி செய்தது. இங்கும் முதலில் வந்தது களத்தில் காதுகொடுத்தவரின் குறிப்பே.

1999இல் ஸ்டீபன் ராசிட்டர், டாம்சின் பர்லண்ட், கேரத் ஜோன்ஸ், பாரட் ஆகியோர் பெரிய குதிரைலாட வௌவாலுக்கான மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்களை வெளியிட்டனர். சில பக்கங்களே கொண்ட சுருக்கமான குறிப்பு அது. பிரைமர்களின் எழுத்துவரிசை, அலீல்களின் எண்ணிக்கை, ஓர் அட்டவணை, அவ்வளவே. அத்தகைய கட்டுரைகளை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. ஆனால் அந்த அட்டவணை வுட்செஸ்டர் குறிப்பேட்டைச் சந்தித்தபோது நிகழ்ந்தது வியப்புக்குரியது.

2000இல் வந்த ஆய்வு, பிரிட்டனின் கூட்டங்களுக்கிடையே தொலைவு கூடக்கூட மரபு வேறுபாடும் கூடுவதைக் காட்டியது. பாதுகாப்புக்கு இதன் பொருள் நேரடியானது: விளிம்பில் தனித்துக்கிடக்கும் கூட்டம் அழிந்தால், அருகில் உள்ளவை அவ்விடத்தை விரைந்து நிரப்பும் என்று நம்பியிருக்க முடியாது. அதே ஆண்டில் ரான்சமும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, குட்டிகளில் கணிசமானவற்றுக்குத் தந்தையை அடையாளம் கண்டது. 2001இல், மரபளவில் ஒன்றுக்கொன்று தொலைவான பெற்றோருக்குப் பிறந்த குட்டிகள் பிழைத்திருக்கும் வாய்ப்பு மிகுதி என்று கண்டனர். 2005இல் வந்த கட்டுரையே எல்லாவற்றிலும் அரியது. பெண் வௌவால்கள் ஆண்டுதோறும் அதே ஆணிடம் திரும்பச் செல்வதுண்டு. அதோடு, தாய், மகள், பாட்டி எனத் தாய்வழியில் உறவான பெண்கள், தற்செயலில் எதிர்பார்ப்பதைவிட மிகுதியாக ஒரே ஆணைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஆயினும் உள்ளினச்சேர்க்கை அதனால் கூடிவிடவில்லை. கூட்டத்தில் உறவின் நெருக்கம் மட்டும் கூடுகிறது. தந்தையின் பெயர் வெறுமையாயிருந்த பக்கத்தில், முப்பது நாற்பது ஆண்டுகளின் குடும்ப வரலாறே எழுதப்பட்டுவிட்டது.

4

கூட்டத்தில் எனக்குத் தோன்றாத விடை இங்கேதான் இருந்தது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, வயது. பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே மரபுப் பங்கு சராசரியாகக் கால் பகுதி. ஒரு பெற்றோரை மட்டும் பகிர்ந்த உடன்பிறப்புகளுக்கிடையேயும் அதே கால் பகுதி. சித்திக்கும் மகளுக்கும் இடையேயும் அதுவே. சில குறிப்பான்களை வைத்துக்கொண்டு இம்மூன்று உறவுகளைப் பிரித்தறிவது கடினம். தாய்-மகள் உறவு தெளிவாகத் தெரியும். ஆனால் இருவரில் தாய் யார், மகள் யார் என்பதை அவ்விருவரின் நீளங்கள் மட்டும் சொல்லா. உறவு இருபுறமும் ஒன்றே. வயது தெரிந்தால்தான் திசை தெரியும். வௌவாலின் வயதை வெளித்தோற்றத்தில் அறிய முடிவது பிறந்த சில மாதங்கள் மட்டுமே. விரல்மூட்டுகளின் குருத்தெலும்பு இறுகிவிட்டபின் இரண்டு வயதும் இருபது வயதும் ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றும். ஆகவே, வுட்செஸ்டரில் "பாட்டி" என்ற சொல்லை எழுத முடிந்தது குறிப்பானால் மட்டும் அன்று. குட்டியாயிருந்தபோது இடப்பட்ட வளையத்தாலும்தான்.

டி.என்.ஏ.வின் மெத்தைல் குறிகளைக் கொண்டு வௌவாலின் வயதைக் கணிக்கும் முறை 2021இல் வந்துவிட்டதே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். அந்தக் கணிப்பு எதைக் கொண்டு அளவு திருத்தப்பட்டது என்று பாருங்கள்: 26 இனங்களைச் சேர்ந்த, வயது முன்னரே தெரிந்த வௌவால்களைக் கொண்டு. அவ்வயதுகளை அளித்தவை நீண்டகாலக் குறிப்பேடுகள்.

இரண்டாவது, வேகம். மரபு வேறுபாடு ஒரு தலைமுறைக்கு எவ்வளவு இழக்கப்படும் என்பதற்குச் சூவல் ரைட் 1931இல் தெளிவுபடுத்திய கணக்கு உண்டு. இனப்பெருக்கத்தில் பங்கேற்கும் பயனுறு எண்ணிக்கையின் இருமடங்கால் ஒன்றை வகுத்தால் வருவதே இழப்பு. ஒரு குகையில் 200 வௌவால்கள் உள்ளன, அவை எல்லாமே சமமாக இனம்பெருக்குகின்றன என்று எளிமைக்காகக் கொள்வோம். ஓராண்டில் பாதி மடிந்து 100 ஆகிவிட்டன. கண்ணால் எண்ணுபவர் ஒரே மாலையில் இதனை அறிவார். மரபணுவோ? 200இல் ஒரு பங்கு, அதாவது ஒரு தலைமுறைக்கு அரை விழுக்காடு மட்டுமே வேறுபாடு குறைந்திருக்கும். பத்துப் பதினைந்து குறிப்பான்களால் இவ்வளவு சிறு மாற்றத்தைப் பிழையளவிலிருந்து பிரித்துக் காண இயலாது. நீண்ட ஆயுளும் ஆண்டுக்கொரு குட்டியும் உடைய விலங்கில் ஒரு தலைமுறை என்பதே பல ஆண்டுகள். அரிய அலீல்கள் சற்று முன்னதாக மறையும். எனினும் மரபணுவின் எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது குகை பெரும்பாலும் காலியாகியிருக்கும்.

ஒரே விலங்கின் முழு மரபுத்தொகுதியிலிருந்து அவ்வினத்தின் கடந்தகால எண்ணிக்கையைக் கணிக்கும் முறையை 2011இல் ஹெங் லியும் ரிச்சர்ட் டர்பினும் அளித்தனர். பயனுள்ள முறை, நானும் பயன்படுத்துகிறேன். அது பேசுவது பல்லாயிரம் ஆண்டுகளைப் பற்றி. பனியுகத்தில் இவ்வினம் எவ்வாறு ஒடுங்கியது என்று அதனிடம் கேட்கலாம். சென்ற இருபதாண்டில் கல்குவாரி வந்தபின் என்ன ஆயிற்று என்று அதனிடம் கேட்க முடியாது.

5

எண்ணிக்கை மட்டும் போதும் என்று நான் வாதிடுவதாக யாரும் கொள்ள வேண்டா. அதற்கு மறுப்பு நான் பணியாற்றும் புணே நகரிலேயே எழுதப்பட்டது. இங்குள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த எச். ஆர். பட், அமெரிக்கரான தாமஸ் குன்ஸுடன் இணைந்து குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலைக் கவனித்தார். கூந்தல்பனையின் தொங்கும் காய்க்குலைகளை இவ்வௌவால்கள் கடித்துக் குடைந்து கூடாரம்போல் ஆக்கிக்கொள்வதை இருவரும் 1995இல் விவரித்தனர். ஒரு கூடாரத்தில் ஓர் ஆணும் பல பெண்களும் தங்குவர். பின்னர் ஜே ஸ்டோர்ஸ் இவ்வினத்துக்கு மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்களை உருவாக்க, மூவரும் இணைந்து 2001இல் புணே வௌவால்களின் மரபமைப்பை வெளியிட்டனர். தந்தையராகும் வாய்ப்பு ஆண்களிடையே மிகச் சமமற்றுப் பங்கிடப்பட்டிருப்பதால், பயனுறு எண்ணிக்கை கண்ணால் எண்ணிய தொகையைவிடக் குறைவு என்று அவர்கள் காட்டினர். கண் எண்ணியதை மரபணு திருத்துகிறது. ஒன்றுக்கொன்று துணையானவை இவ்விரண்டும். ஒன்று மற்றதன் இடத்தை நிரப்பாது.

பயன் தெரியாமலே சேர்த்துவைத்த சான்றுக்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த முன்னுதாரணம் உண்டு. 1948இல் ஆங்கஸ் ஹட்டன் எனும் தோட்டக்காரர், இன்றைய தேனி மாவட்டத்து மேகமலையில் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து, பாடம் செய்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அளித்தார். அது குறுமூக்குப் பழந்தின்னி என்று பிழையாகப் பெயரிடப்பட்டு இழுப்பறையில் கிடந்தது. இருபதாண்டுகளுக்குப் பின் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதனை எடுத்துப் பார்த்தார். அது இதுவரை அறியப்படாத ஒரு தனிப்பேரினம் என்று கண்டார். 1972இல் சலீம் அலியின் பெயரால் அதற்குப் பெயரிட்டார். உயிருள்ள வௌவால் மீண்டும் கண்டறியப்பட்டது 1993இல். இடைப்பட்ட காலம் முழுவதும் அவ்வினம் உலகில் உண்டு என்பதற்கு இருந்த சான்று அந்த ஒரு தோல்தான்.

அந்த 1972ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களை எலி, காகம் ஆகியவற்றோடு தீங்குயிர் அட்டவணையில் வைத்தது. சலீம் அலி பழந்தின்னி பின்னர் முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் தீங்குயிர் அட்டவணையே நீக்கப்பட்டது. தீங்குயிர் என்று சட்டம் அழைத்த விலங்குக்கு அரை நூற்றாண்டுக் குறிப்பேடு வைக்க யார் முன்வந்திருப்பர் என்று எண்ணிப்பார்த்தால், நமக்கு வுட்செஸ்டர் ஏன் அமையவில்லை என்பது ஓரளவு விளங்கும்.

இன்று நம்முன் உள்ள சோதனை கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் இருக்கிறது. 1994இல் கோக்கும் பட்டும் விவரித்த கோலார் இலைமூக்கு வௌவால், இன்று அறியப்பட்டவரை அனுமனஹள்ளிச் சிற்றூரின் ஒரே குகையில் வாழ்கிறது. எஞ்சியவை 200க்கும் குறைவு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. அப்பகுதிப் பாறைகளைக் கருங்கல்லுக்காக உடைத்ததே முதன்மையான அச்சுறுத்தல். மேலே போட்ட கணக்கில் 200 என்ற எண்ணை நான் எடுத்துக்கொண்டது தற்செயலாக அன்று.

இத்தகைய இனத்துக்கு வுட்செஸ்டரை அப்படியே நகலெடுக்கச் சொல்ல மாட்டேன். 200 விலங்குகளே உள்ள கூட்டத்தைப் பிடித்து வளையமிடுவதில் உள்ள தீங்கை முன்னரே குறித்தேன். இங்கே குறிப்பான்கள் வளையத்துக்கு மாற்றாக அமையக்கூடும். 2007இல் ப்யூஷ்மாயும் பெட்டியும் பிரான்சில் சிறிய குதிரைலாட வௌவாலின் எச்சத்தைச் சேகரித்து, அதிலுள்ள டி.என்.ஏ.விலிருந்து தனித்தனி விலங்குகளை அடையாளம் கண்டு, ஒரு விலங்கையும் தொடாமலே கூட்டத்தின் அளவைக் கணித்தனர். குகைத்தரையில் தாள்விரித்து ஆண்டுதோறும் எச்சம் சேகரித்து உறையவைத்தால், இந்த ஆண்டு கண்ட விலங்கு பத்தாண்டு கழித்தும் உள்ளதா என்று அறியலாம். முதன்முதலாகத் தென்பட்ட ஆண்டு தெரிந்தால் வயதின் கீழ்வரம்பும் தெரியும். அப்போது மைக்ரோசாட்டிலைட்டே வளையமாகிறது. ஆனால் அதற்கும் நிபந்தனை அதேதான்: யாரேனும் ஒருவர் ஆண்டுதோறும், அதே பருவத்தில், அதே முறையில் சென்றாக வேண்டும். முதல் மூன்றாண்டுகளில் அதனால் கட்டுரை ஏதும் வராமற்போகலாம்.

நம் நிதியமைப்பின் இடர் இதுவே. மூன்றாண்டுத் திட்டத்தில் முடியக்கூடியது குறிப்பானை உருவாக்குதல். மூன்றாண்டில் முடியாதது குறிப்பானுக்குப் பொருள் தரும் குறிப்பேடு. 1990களில் பல மாதங்கள் பிடித்த குறிப்பான் தேடல் இன்று வரிசையாக்கக் கருவிகளால் சில வாரங்களில் முடிகிறது. குறிப்பேடோ இன்றும் ஓராண்டுக்கு ஓராண்டு என்ற வேகத்திலேயே வளர்கிறது. மலிவாகிவிட்டதற்குப் பணம் தருகிறோம். அரிதாகவே இருப்பதற்கு மறுக்கிறோம்.

அடுத்த விண்ணப்பத்தில் எண்ணிக்கைக்கான தொகையை இறுதி வரியில் ஒளித்து வைக்கப்போவதில்லை. முதல் வரியில் எழுதி, அதன்கீழ் அரை விழுக்காட்டுக் கணக்கையும் போட்டுக் காட்டுவேன். மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் துறையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் எவரேனும் வௌவால் குகைகளில் எடுத்த பழைய எண்ணிக்கைக் குறிப்பேடுகளையோ, வளையப் பதிவேடுகளையோ, பாடம் செய்த தோல்களையோ விட்டுச்சென்றிருந்தால், அறை காலிசெய்யும் நாளில் பழைய காகிதத்தோடு அவற்றைப் போகவிடாதீர்கள். படியெடுத்து வையுங்கள், இடமும் நாளும் தெளிவாக எழுதி வையுங்கள். எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.